கோமாளி வேஷத்துக்குப் பின்னால் ஒரு குரல்: வால்வு சிடி பிளேயரில் ஜே.பி.சந்திரபாபுவைக் கேட்பது ஏன் தனி அனுபவம்?

சிடியை உள்ளே தள்ளியதும் பாட்டு வந்துவிடாது. முதலில் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் சூடாக வேண்டும். உள்ளே இருக்கும் இழை மெல்லச் சிவந்து ஆரஞ்சு நிறத்தில் மினுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர் பேசும். போனில் தட்டியதும் பாட்டு ஓடும் காலத்தில் இந்த ஒரு நிமிடக் காத்திருப்பே கொஞ்சம் ஓவர் என்று தோன்றலாம்.

ஆனால் உள்ளே சுழல்வது ஜே.பி.சந்திரபாபுவின் பாட்டு என்றால், அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. 'சபாஷ் மீனா' காமெடிக் காட்சியில் பார்த்துச் சிரித்த அதே மனிதர், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று தனியாகப் பாடுவது போல இருக்கும். அப்போதுதான் உறைக்கும்: காமெடியன் என்று நாம் வைத்திருக்கும் லேபிளுக்குள் இந்த ஆள் அடங்கவே இல்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

முத்துக்குளித்துறைப் பிள்ளை

சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில், 1927 ஆகஸ்ட்டில். பனிமய மாதா திருவிழாவில் ஊரே திரளும் மாதம் அது. அவர் பெயரிலும் மாதா இருந்தார்: பனிமயதாஸ். ஜே.பி. என்பதன் விரிவு ஜோசப் பிச்சை. தகப்பனார் ஜே.பி.ரோட்ரிக்ஸ். முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். ரோட்ரிக்ஸ், பெர்னாண்டோ போன்ற பெயர்கள் இந்தக் கடற்கரைக்கு அப்படி வந்தவைதான்.

ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1929-ல் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டதால் கைது, சொத்துப் பறிமுதல். விடுதலைக்குப் பிறகு குடும்பத்தோடு கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அந்நிய ஊர் இல்லை. கப்பல் ஏறினால் எதிர்க்கரை. ஆனாலும் சொந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட வீடு அது.

அங்கேதான் பையன் வளர்ந்தான், படித்தான். கொழும்பு அப்போது மேற்கத்திய இசை புழங்கிய துறைமுக நகரம். 1925-லேயே வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்ட ஊரும்கூட. கோயில் பாட்டும் கடற்கரைத் தமிழும் கூடவே வர, ஆங்கிலப் பாட்டும் சேர்ந்துகொண்டது. 1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியபோது, அந்த இளைஞனிடம் பெரிதாகச் சொத்து எதுவும் இல்லை. இருந்தது கூர்மையான ஒரு காது மட்டும்தான்.

'பாட வராது' எனப்பட்டவர்

முதல் படம் 1947-ல் வந்த 'தன அமராவதி'. அதோடு கதவு திறந்துவிடவில்லை. வாய்ப்புக் கேட்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார். சி.ஆர்.சுப்பராமனிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ்.விஸ்வநாதன், இவருக்குப் பாட்டு சரிவராது என்று சொல்லிவிட்டதாக ஒரு கதை திரையுலகில் ரொம்பப் பிரபலம். பின்னாளில் அதே எம்.எஸ்.வி.தான் அவருக்கு உயிர் நண்பர்.

1952-ல் விரக்தி எல்லை மீறியது. ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்க முடியாமல் போன வேதனையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். வழக்கும் வந்தது. அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேஷமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஏறுமுகம். 1954-ல் ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்கே பின்னணி பாடினார். பெரிய இசைக் கலைஞர் ஒருவருக்குக் காமெடியன் குரல் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை. 1957-ல் 'புதையல்', 1958-ல் இரட்டை வேடத்தில் 'சபாஷ் மீனா', 1959-ல் 'சகோதரி', 'மரகதம்', 1961-ல் 'குமாரராஜா', 1962-ல் 'அன்னை' என வரிசையாக ஹிட் பாடல்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர்தான் மெட்ராஸ் பாஷையைத் திரையில் அசலாகப் பேசிக் காட்டினார். எல்லாம் அந்தக் காது செய்த வேலை. கேட்டதை அப்படியே பிடித்து, தன் தொண்டைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்.

யோடலிங் என்றால் என்ன?

அடித்தொண்டையில் பாடிக்கொண்டே சட்டென்று உச்சக் குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் இறங்குவதுதான் யோடலிங். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களிடம் இருந்த பழக்கம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் அதை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியில் கிஷோர் குமார், தமிழில் சந்திரபாபு.

நம் சங்கீதத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவது அழகு. யோடலிங்கில் குரல் நடுவே உடைய வேண்டும். அந்த உடைசல்தான் அழகு. சந்திரபாபு இரண்டையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தார்.

வால்வு என்ன செய்கிறது?

மலிவான ஸ்பீக்கரிலோ போனிலோ கேட்கும்போது முதலில் காணாமல் போவது இந்த மாதிரி நுணுக்கங்கள்தான். இங்கேதான் வால்வு பிளேயர் வருகிறது.

சிடியில் பாட்டு எண்களாக இருக்கிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள். லேசர் அதைப் படிக்கும். ஒரு சிப் அதை மின் அலையாக மாற்றும். அந்த அலையை வெளியே அனுப்பும் கடைசிக் கட்டத்தில் சாதாரண பிளேயரில் டிரான்சிஸ்டரோ ஐசியோ இருக்கும். வால்வு பிளேயரில் அந்த இடத்தில் வெற்றிடக் குழாய் இருக்கும். 1904-ல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் உருவாக்கிய குழாயின் வாரிசு அது. இதில் உயர்ரக பிளேயர்களின் விலை லட்சங்களில் போகும்.

வால்வு தன் பங்குக்கு ஒலியில் மெல்லிய சாயம் ஏற்றும். மூல ஸ்வரத்தோடு இசைந்துபோகும் மேல் ஒலிகள் கொஞ்சம் கூடும். காதுக்கு அது கதகதப்பாக, சதைப்பிடிப்பாகக் கேட்கும். கருவி வைத்து அளந்தால் அது ஒரு சிதைவுதான். ரசிகர்கள் இனிமை என்பதும் அதைத்தான்.

சந்திரபாபு பாடிய 1950-களில் மைக் ஒலியைப் பெருக்கிய ஆம்ப்ளிஃபயர், வீட்டு ரேடியோ, தியேட்டர் ஒலி எல்லாவற்றிலும் வால்வுதான். அப்போது பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து, ஒரே மூச்சில் பதிவு செய்வதுதான் வழக்கம். தப்பு வந்தால் முதலிலிருந்து. பதிவு மோனோ என்பதால், நல்ல ஸ்டீரியோவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவே உட்கார்ந்தால் குரல் நட்டநடுவில் வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பதிவில் இல்லாததை எந்த வால்வும் கொண்டுவராது. பழைய ஒலித்தடத்தில் தேய்ந்துபோன உச்ச ஒலிகள் தேய்ந்ததுதான். மோசமான மாஸ்டரிலிருந்து போட்ட சிடி என்றால், எத்தனை லட்சம் கொட்டினாலும் வேஸ்ட்.

கார் மாடிக்கு ஏறும் வீடு

புகழின் உச்சியில் சென்னை கேசவபெருமாள்புரத்தில் கார் நேராக மாடிக்கே ஏறும்படி ஒரு வீடு கட்டத் தொடங்கினார். எம்.ஜி.ஆரை வைத்து இயக்கத் தொடங்கிய படத்தின் பெயர் 'மாடி வீட்டு ஏழை'. அந்தப் படம் பாதியில் நின்றது. கடன் ஏறியது. வீடு கைவிட்டுப் போனது. தலைப்பே வாழ்க்கையாகிவிட்டது.

அதற்கு முன்பே, 1958-ல் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. மனைவியின் மனதில் வேறொருவர் இருப்பது தெரிந்ததும், அவரைப் போகவிட்டார் சந்திரபாபு. குடிப்பழக்கம் கூடியது. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி நடித்தார். அந்தக் கதவும் திறக்கவில்லை.

நடுவில் ஒரு வெளிச்சமான நாளும் உண்டு. டெல்லியில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

1974 மார்ச் 8-ம் தேதி சந்திரபாபு இறந்தார். வயது 46 தான். இறுதிக் காரியங்களுக்கு முன்நின்றவர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

எதைக் கேட்கலாம்?

முதலில் 'புதையல்' பாட்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் சொல்லை எப்படி விடுகிறார் என்று கவனியுங்க. அடுத்து 'மரகதம்' படத்தில் ஜமுனா ராணியோடு பாடியது. இரண்டு குரலும் ஒன்றையொன்று சீண்டுவது தெரியும். கடைசியாக, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து 'அன்னை' பாட்டு. அதில் சிரிப்பு மூட்டும் முயற்சியே இல்லை. நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி ஒரு குரல்.

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். சந்திரபாபு உச்சத்தில் இருந்ததும் அதே வருஷங்களில்தான். பார்கள் வற்றி, முத்துக்குளிப்பு நின்றே போனது. அந்தக் கரையில் பிறந்த இந்தக் குரல் மட்டும் இன்னும் கிடைக்கிறது.

லட்ச ரூபாய் பிளேயர் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு நல்ல ஹெட்போன், நல்ல பதிவு, பத்து நிமிடம் போதும். வீடியோவை மட்டும் அணைத்துவிடுங்க. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்; பாட்டைக் கேட்க முடியாது.