அச்சத்தின் கலைஞர் புதுமைப்பித்தன்

பேய்க்கதை என்றதும் கற்றவர் முகத்தில் ஓர் இளநகை அரும்புவது வழக்கம். அது பாட்டிமார்க்கும் சிறுவர்க்கும் உரியது என்பது நம் பொதுவான எண்ணம். ஆயினும், ஹொரேஸ் வால்போல் 1764இல் கோட்டையொன்றைக் களமாக்கிக் கதை புனைந்த நாள்முதல் மேலைநாட்டில் அவ்வகை எழுத்து இன்றளவும் வற்றவில்லை. எட்கர் ஆலன் போவின் கவிதைகளும் கதைகளும் அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் படிக்கப்படுகின்றன. அறிவு வளர வளர அச்சம் தேயும் என்றால், இவை என்றோ மறைந்திருக்க வேண்டும். மறையாத காரணத்தை ஒரு தமிழ் எழுத்தாளரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டார்க்குப் பாழ்மாளிகை எப்படியோ, அப்படித் தமிழர்க்குச் சுடுகாடு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சிறுவன் சார்ங்கலனையும், அவன் உடலைச் சுமந்து நீதி கேட்ட தாய் கோதமையையும் நாம் அறிவோம். அரக்கோணத்திற்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையார் பேய்வடிவில் நின்று பாடினார். பரணி பாடிய செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் சமைக்க வைத்தார். இம்மரபை இருபதாம் நூற்றாண்டின் வாடகை வீட்டிற்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் புதுமைப்பித்தன்.

சோ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியாளர். அவர் மாற்றலாகிச் சென்ற ஊர்களான செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகியவற்றில் பிள்ளையின் இளமை கழிந்தது. எட்டு வயதளவில் தாயார் பர்வதத்தம்மாளை இழந்தார். மரணம் அவருடைய வீட்டிற்குள் அத்துணை விரைவாக நுழைந்தது. 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மறு ஆண்டு கமலா அம்மையாரை மணந்தார்.

எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்து சென்னை வந்தார். 1934இல் ‘மணிக்கொடி’யில் அவர் கதைகள் வெளிவரத் தொடங்கின. பின்னர்த் ‘தினமணி’யிலும், 1940களின் நடுப்பகுதியில் ‘தினசரி’யிலும் பணியாற்றினார். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்னும் புனைபெயரில் கவிதைகளும் யாத்தார். நாளிதழ் அலுவலகத்தில் உலகச் செய்திகளை மொழிபெயர்த்துவிட்டு, இரவில் தம் கதைகளை எழுதிய வாழ்க்கை அது. வறுமை அவரை விட்டகலவில்லை.

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கென்ஸ்டைன்’ புதினத்தை அவர் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கினார். பிணங்களின் உறுப்புகளால் ஆக்கப்பெற்ற அவ்வுரு, தன்னைப் படைத்தவனாலேயே கைவிடப்பட்டதனால் கொடியதாகிறது. புறக்கணிக்கப்பட்டதே அச்சுறுத்துவதாகத் திரும்பிவரும் என்பது அந்நூலின் உட்கிடை. புதுமைப்பித்தனின் சொந்தக் கதைகளிலும் இவ்வுண்மை வேறு உருவில் இயங்குவதைக் காணலாம்.

1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்வோம். கதைசொல்லி ஓர் எழுத்தாளன். பொய்யைப் புனைவதே தொழிலாகக் கொண்டவன். உறக்கமற்ற ஓர் இரவில் பிணம் எரியும் நாற்றம் அவனைச் சூழ்கிறது. பின்னர் பிச்சை கேட்டு வரும் பெண்ணொருத்தியை அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு அமர்த்துகிறாள். வந்தவள் யார் என்பது இறுதிவரை துலங்குவதில்லை. அஞ்சுவதை மனைவியிடம் சொல்லவும் இயலாமல், அஞ்சாதிருக்கவும் இயலாமல் அவன் தவிக்கும் தவிப்பே கதையின் உயிர். படித்தவனின் நாணமே அங்கு அச்சத்தைப் பெருக்குகிறது. அணைக்கட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் இக்கதையைக் கேட்டபின், பேய் உண்டா இல்லையா என்று வினவுவதில்லை. அவள் எங்கே போயிருப்பாள் என்றுதான் வினவுகின்றனர். ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘வேதாளம் சொன்ன கதை’, ‘கபாடபுரம்’ என இவ்வரிசை நீள்கிறது. வேதாளத்தை நகைப்புக்குரியதாக்கியவரும், காஞ்சனையைக் கொண்டு நம்மை நடுங்க வைத்தவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது.

எனினும், அவர் எழுதியவற்றுள் மிகுந்த அச்சம் தருவது பேயே இல்லாத ஒரு கதை எனலாம். அதன் பெயர் ‘மகாமசானம்’, அதாவது பெருஞ்சுடுகாடு. களமோ மாலை வேளையில் சென்னையின் பரபரப்பான சாலை. நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். ஊர் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. சிறு குழந்தையொன்று அவரைக் கவனிக்கிறது. அங்கே மரணத்தைக் கண்டு அஞ்சுவார் எவருமில்லை. அவ்வச்சமின்மையே அந்நகரைச் சுடுகாடாக்குகிறது.

இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். பேய்க்கு அஞ்சுபவன் இறந்தவரை ஒரு பொருட்டாக மதிக்கிறான். அவர்க்கு இழைத்த தீங்கும் தீர்க்காத கடனும் அவர் சாவோடு முடிந்துவிடவில்லை என்று உள்ளூர உணர்கிறான். கோதமையின் அழுகை நம்மை இன்றும் தொடுவது இதனால்தான். பேய்க்கதையின் நிலைபேறு மூடநம்பிக்கையால் வருவதன்று. மறந்துவிடக் கூடாதவர்களை மறக்கவிடாமல் செய்யும் ஆற்றலால் வருவது.

வாழ்வின் இறுதிக் கட்டத்தில் திரைத்துறை அவரை ஈர்த்தது. சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சி கைகூடவில்லை. ‘ராஜமுக்தி’ படத்திற்கு உரையாடல் எழுதப் புனே சென்றவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டுச் சென்றார். குடும்பத்திற்காக அன்பர்கள் நிதி திரட்டினர். 1951இல் நண்பர் ரகுநாதன் அவரது வரலாற்றை நூலாக்கினார். 2002இல் அவர் படைப்புகள் நாட்டுடைமையாயின. சாலையோரச் சாவைக் கண்டெழுதிய கலைஞனை அவன் காலம் ஏறத்தாழ அவ்வாறே கடந்து சென்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பாடிவரும் நம் வட்டத்தினர் இவரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. இருளைப் பாட இருண்ட சொற்களை அடுக்க வேண்டியதில்லை. வாசலில் வந்து நிற்பவளையும், நடைபாதையில் கிடப்பவரையும் உற்றுநோக்கும் கண் போதும். அக்கண்ணுக்கு அச்சம் தானே வரும், அச்சத்தின் பின்னே இரக்கமும் வரும்.