வாளை விற்ற கேப்டன்: டேனியல் ஷேஸ்

தண்டல்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த காலம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் விவசாயிகள் அப்படித்தான் பயந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ்.

1747 வாக்கில் மாசசூசெட்ஸ் பகுதியில் ஹாப்கின்டன் என்ற ஊரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். இளவயதில் அடுத்தவர் பண்ணையில் கூலி வேலைதான். 1772-ல் அபிகெயில் கில்பர்ட்டைக் கல்யாணம் பண்ணினார். பின்னால் பெல்ஹாம் என்ற மலை ஊரில் நிலம் வாங்கினார். கல்லும் மேடுமான பூமி.

1775-ல் இங்கிலாந்து ஆட்சியை எதிர்த்துப் போர் மூண்டது. ஷேஸும் துப்பாக்கி தூக்கினார். பங்கர் ஹில், சரடோகா என்று பெரிய சண்டைகளில் நின்று கேப்டன் பதவி வரை உயர்ந்தார். ஆண்கள் போருக்குப் போனால் உழவும் மாடும் பிள்ளைகளும் யார் தலையில் விழும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? பிரான்ஸ் நாட்டுத் தளபதி லஃபாயெட் இவருடைய வீரத்தைப் பாராட்டி ஒரு அலங்கார வாளைப் பரிசாகக் கொடுத்தார். அதையும் ஷேஸ் விற்றுவிட்டார். கூட இருந்த அதிகாரிகள் கேவலமாகப் பேசினார்கள். தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வெளியே வந்தவர்களுக்குத்தான் அந்த மனசு புரியும். 1780-ல் ராணுவத்திலிருந்து விலகி ஊர் திரும்பினார்.

ஊரில் இன்னொரு சண்டை காத்திருந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் காசாக வரவில்லை. பிறகு தருகிறோம் என்று எழுதிய பத்திரம்தான் கிடைத்தது. அரிசி வாங்கக் காசு இல்லாதவன் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காத்திருப்பானா? வந்த விலைக்கு, ரொம்ப அடிமாட்டு விலைக்கு விற்றான். பணக்காரர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். அப்புறம் மாசசூசெட்ஸ் அரசு அந்தப் பத்திரங்களுக்கு முழுப் பணம் கொடுப்பதற்காக வரியை ஏற்றியது. வரி கட்ட வேண்டியது யார்? பத்திரத்தை விற்ற அதே விவசாயிதான்! போரில் நின்றவனே, தனக்கு வராத சம்பளத்தை அடுத்தவனுக்குக் கட்ட வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம் கடன். அதுவரை கிராமத்துக் கடைகளில் கணக்கு எழுதிவைத்து, அறுவடையானதும் தானியமாகவோ உழைப்பாகவோ கழிப்பது வழக்கம். போர் முடிந்ததும் இங்கிலாந்து வியாபாரிகள் பாஸ்டன் வியாபாரிகளிடம் ரொக்கம் கேட்டார்கள். பாஸ்டன்காரர் கிராமத்துக் கடைக்காரரை நெருக்க, கடைக்காரர் விவசாயியை நெருக்கினார். வெள்ளிக்காசு கொடு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு வா. மாடு ஜப்தி, நிலம் ஏலம், அதற்கும் பற்றாவிட்டால் ஜெயில். ஷேஸ் மேலேயே கடன் வழக்கு இருந்தது.

ஊர் ஊராகக் கூட்டம் போட்டு அரசுக்கு மனு எழுதினார்கள். பலன் இல்லை. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது: நீதிபதி உட்கார்ந்தால்தானே தீர்ப்பு வரும்? 1786 ஆகஸ்டில் நார்தாம்ப்டன் ஊரில் பெருங்கூட்டமாகப் போய்க் கோர்ட்டு வாசலை மறித்தார்கள். செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஷேஸ் முன்னால் நின்றார். வந்தவர்களில் நிறையப் பேர் பழைய சிப்பாய்கள். தொப்பியில் பச்சை இலைக் கொத்தைச் செருகி, மேளம் கொட்டி அணிவகுத்தார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. கோர்ட்டு வேலை நடக்காமலே கலைந்தது. தனித்தனியாகப் போயிருந்தால் ஒவ்வொருவரும் ஜெயிலுக்குத்தான் போயிருப்பார்கள்.

கவர்னர் ஜேம்ஸ் பௌடன் விடவில்லை. கஜானாவில் பணம் இல்லாததால் பாஸ்டன் வியாபாரிகளிடம் பணம் திரட்டிப் படை அமைத்தார். இந்தப் பக்கம் விவசாயிகளும் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனார்கள். என் மனசுக்கு, சறுக்கினது அந்த இடத்தில்தான். 1787 ஜனவரி 25, எங்கும் பனி. தங்களோடு போரில் நின்றவர்கள் தங்களையே சுட மாட்டார்கள் என்று நம்பி நடந்தார்கள். பீரங்கி வெடித்தது. நான்கு பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். பிப்ரவரி 4-ஆம் தேதி, இரவெல்லாம் பனிப்புயலில் நடந்து வந்த அரசுப் படை பெட்டர்ஷாம் ஊரில் அவர்களை விடியற்காலையில் வளைத்தது. ஷேஸ் தப்பி வெர்மான்ட் பக்கம் போய்விட்டார். ஆள் இல்லாமலே அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள்.

ஆனால் அந்த வருஷத் தேர்தலில் பௌடன் படுதோல்வி அடைந்தார். ஜான் ஹான்காக் கவர்னரானார். புதிய சட்டசபை வரியைக் குறைத்தது, கடன்காரர்களுக்கு அவகாசம் கொடுத்தது. இந்தக் கலவரத்தால் மிரண்டுபோன தலைவர்கள் பலர், வலுவான மத்திய அரசு வேண்டும் என்று அதே 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். இன்றுவரை இருக்கிற அமெரிக்க அரசியல் சட்டம் அங்கேதான் எழுதப்பட்டது. விவசாயிகள் கேட்டது அது இல்லை என்பது வேறு விஷயம்.

1788-ல் ஷேஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது. பெல்ஹாம் நிலம் கைவிட்டுப் போயிருந்தது. நியூயார்க் மாநிலத்துக்குப் போய், கடைசியில் ஸ்பார்ட்டா என்ற ஊரில் ஏழையாகவே வாழ்ந்தார். போரில் நின்றதற்கான பென்ஷன் 1818-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. ஏழு வருஷம் வாங்கினார். 1825 செப்டம்பர் 29 அன்று காலமானார்.