தேவேந்திர லால்

கடலின் நீலநிறத்திற்குக் காரணம் யாதென ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். அவருடன் கூடி நீர்மங்களில் ஒளி சிதறும் இயல்பை ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன், 1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பிற் பிறந்தவர். அவர்கட்குப் பின்வந்த அறிஞர் ஒருவர், கடலின் அடியிலுள்ள நீர் மேற்பரப்பை விட்டு நீங்கி எத்துணை ஆண்டுகள் ஆயின என்னும் அரிய வினாவை மேற்கொண்டார். அவரே தேவேந்திர லால்.

லால், 1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 14ஆம் நாள் காசியிற் பிறந்தார். அந்நகரின் இந்துப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1949இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே பெர்னார்டு பீட்டர்சு என்பாரை ஆசிரியராகப் பெற்று, வானிலிருந்து ஓயாது பொழியும் அண்டக்கதிர்களை ஆராயலானார்.

அக்கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைத் தாக்குவதாற் கதிரியக்கக் கரி பிறக்கின்றது. அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கடலின் மேற்பரப்பு நீர் காற்றோடு உறவாடி அக்கரியைப் பெறுகின்றது. அந்நீர் குளிர்ந்து ஆழத்தில் அமிழ்ந்தபின் புதுவரவு இல்லை. உள்ளது தேய்ந்துகொண்டே போகும். ஆகவே, எஞ்சியதை அளந்தால் நீர் அமிழ்ந்த காலம் புலனாகும். பசிபிக் கடலின் அடிநீர் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக வெளிக்காற்றைக் காணாதது என்பது இவ்வாறே அறியப்பட்டது.

குறுகிய காலத்தை அளக்க வேறொரு கடிகாரம் வேண்டுமென லால் கருதினார். ஆர்கன் வாயுவிலிருந்து கதிரியக்கச் சிலிக்கனும் பிறத்தல் வேண்டும். ஆனால், அதன் அளவோ மிகமிகச் சிறிது. கடற்பஞ்சு என்னும் உயிர், கடல்நீரிலுள்ள சிலிக்கனைத் திரட்டித் தன் உடலை அமைத்துக்கொள்வது. மனிதர் அரிதிற் செய்யும் வேலையை அவ்வுயிர் இயல்பாகவே செய்து வைத்திருந்தது! அமெரிக்காவிற் கோல்டுபர்கு, கொய்டே ஆகியோருடன் கடற்பஞ்சுகளைச் சோதித்த லால், 1960இல் அச்சிலிக்கனைக் கண்டறிந்து வெளியிட்டார். பிற்காலத்தில் இரும்புச்சேர்மம் பூசிய இழைகளைக் கடலுள் இறக்கி, நீரை மேலேற்றாமலே சிலிக்கனைப் பிரித்தெடுக்கும் முறையை அவர்தம் குழுவினர் கையாண்டனர்.

இனி, பனியூழியின் முடிவைப் பற்றிய செய்திக்கு வருவோம். ஏறத்தாழ 18,000 ஆண்டுகட்கு முன் பனியூழி தளரத் தொடங்கிற்று. காற்றிற் பத்துலட்சம் பங்கிற்கு 190 பங்களவே இருந்த கரியமிலவாயு, ஏழாயிரம் ஆண்டுகளில் 260 பங்கிற்கு மேல் உயர்ந்தது. அதே காலத்திற் கதிரியக்கக் கரியின் விகிதமோ தாழ்ந்தது. காரணம் யாது? கண்மாய் ஒன்றிற்குச் செந்நீர் கொணரும் ஓடை ஒன்றும், தெளிநீர் கொணரும் ஓடை ஒன்றும் உள்ளன எனக் கொள்ளுங்கள். கண்மாய் நீரின் செம்மை குறையுமாயின், செந்நீர் சுருங்கிற்றோ, தெளிநீர் பெருகிற்றோ என ஐயுறுவோமன்றோ? அவ்வாறே, அண்டக்கதிர் குறைந்ததோ, ஆழ்கடல் தன் பழங்கரியை வெளிவிட்டதோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தெளிய வேண்டின், கதிர்கள் எத்துணைக் கரியை உண்டாக்குகின்றன என்பது முதலில் தெரிதல் வேண்டும். அக்கணக்கை லாலும் பீட்டர்சும் 1967இல் விரிவாக எழுதினர். கதிரியக்கக் கரியின் ஏற்றத்தாழ்வுகட்குரிய காரணங்களை 1970இல் லாலும் வேங்கடவரதனும் ஆராய்ந்தனர். புவியின் காந்தவலிமை மாறியதும் ஒரு காரணமே. எனினும், தென்முனைக் கடலின் ஆழநீர் மேலெழுந்து பழங்கரியை விட்டதே பெருங்காரணம் என இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. கீழடியிற் கிடைத்த கரித்துண்டின் வயதைக் கணிப்போரும் இம்மாறுதல்கட்கு ஏற்பத் திருத்தியே ஆண்டைக் கூறல் வேண்டும். கடல் தன்னுள் அடக்கியுள்ள கரி, காற்றிலுள்ளதைப்போல் பன்மடங்கு மிகுதி. அது மீண்டும் வெளிப்படுமா என்பது நம் காலத்தின் கவலையாகும்.

லால் 1972முதல் 1983வரை அகமதாபாத்து இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராய் விளங்கினார். 1979இல் இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. திங்களினின்று கொணர்ந்த கற்களையும் அவர் ஆராய்ந்தார். முதுமையில் துருவப் பனிக்கட்டியுள் உண்டாகும் கதிரியக்கக் கரியின்மேல் அவர் கருத்துச் சென்றது. 2012ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாள், பசிபிக் கடற்கரையிலுள்ள சான் டியாகோ நகரில், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார்.