ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் பைக் பறக்குமா? ஆக்டேன் நம்பருக்குப் பின்னால் இருக்கும் மிட்க்லியின் கதை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். அங்கே ரேஸ் பார்த்துவிட்டு அம்பத்தூர், ஆவடி பக்கம் வீடு திரும்பும் பசங்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. ரேஸ் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலை நம்ம வண்டிக்கும் ஊற்றினால் என்ன? 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்திய பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடுபிடித்தது. பிக்கப் ஏறும், மைலேஜ் கூடும், இன்ஜின் சுத்தமாகும்னு ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இதற்கான பதிலில் பாதி, 1944-ல் இறந்துபோன ஒரு அமெரிக்கரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பெயர் தாமஸ் மிட்க்லி.

1889-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பாவும் கண்டுபிடிப்பாளர்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, 1916-ல் ஓஹியோவின் டேடன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர் கெட்டரிங். அவர் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷனால்தான் இன்ஜின் தட்டுகிறது என்று அன்றைக்கு ஒரு புகார் இருந்தது. உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை புதிதாக வந்த மிட்க்லியிடம் போனது.

தட்டுவது என்றால் என்ன? பிளக் பொறி வைத்ததும் சிலிண்டருக்குள் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேரும் முன்பே, அழுத்தத்திலும் சூட்டிலும் கடைசி மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டால், சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். நம்ம மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். விட்டுவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்தான் என்று மிட்க்லியின் சோதனைகள் காட்டின.

அப்புறம் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் சூட்டை நன்றாக வாங்கி ஒழுங்காக எரியும் என்று ஒரு யூகம். ஸ்டோர் ரூமில் சாயம் இல்லை, அயோடின்தான் இருந்தது. அதைக் கலந்தார், தட்டல் நின்றது! ஆனால் நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறத்தில் விஷயமில்லை, வேதியியலில்தான் இருக்கிறது என்று புரிந்தது. தப்பான யூகம் சரியான கதவைத் திறந்துவிட்டது.

ஈயம் வந்த கதை

அடுத்த 5 வருடம் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார்கள். அனிலின், செலினியம், டெல்லூரியம்... டெல்லூரியத்தின் நாற்றம் குளித்தாலும் உடம்பை விட்டுப் போகவில்லையாம். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் சிக்கியது. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகக் கலந்தாலே போதும், தட்டல் காலி.

ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது மிட்க்லிக்கு அப்போதே தெரியும். ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் காரை ஓட்டியே காட்டியிருக்கிறார். ஆனால் ஆல்கஹால் நிறைய வேண்டும், ஈயம் துளிதான் வேண்டும். கம்பெனி ஈயத்தின் பக்கம் சாய்ந்தது.

1923 பிப்ரவரியில் டேடன் நகர பங்க்கில் ‘எத்தில்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 ரேஸில் முதல் மூன்று இடம் பிடித்த கார்களும் ஓடியது இந்தப் பெட்ரோலில்தான். ரேஸில் ஜெயித்த பெட்ரோல் என்றால் விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் அதற்குள் மிட்க்லியே ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டு, உடம்பு தேற ஃப்ளோரிடா போயிருந்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து 5 பேர் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் நிருபர்களைக் கூட்டிய மிட்க்லி, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். பட்டுத் தெரிந்த மனுஷன் அப்படிச் செய்ததை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. அரசுக் குழு பச்சைக்கொடி காட்ட, அடுத்த ஆண்டே மறுபடி தொடங்கியது.

பிறகு ஃப்ரிட்ஜுக்கான ஃப்ரியான் வாயுவை உருவாக்கியதும் இவர் குழுதான். ஓசோன் படலத்தை அரித்தது அந்த வகை வாயுதான் என்பது அவர் இறந்து பல காலம் கழித்தே தெரிந்தது. 1940-ல் போலியோ தாக்கிப் படுக்கையில் விழுந்தார். எழுந்து உட்கார கயிறும் கப்பியும் வைத்து ஒரு அமைப்பைத் தானே செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறு கழுத்தை இறுக்கிய நிலையில் இறந்துகிடந்தார். வயது 55.

அப்போ நம்ம வண்டிக்கு?

1926-ல் எத்தில் நிறுவனத்தின் கிரஹாம் எட்கர் தட்டலை அளக்க ஒரு அளவுகோல் தந்தார். சுத்தமான ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டென்று தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஆக, ஆக்டேன் எண் சொல்வது பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதை மட்டும்தான். அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. இப்போது பங்க்கில் வரும் 20% எத்தனால் கலந்த பெட்ரோலையே பாருங்க. ஆக்டேன் 95 என்கிறது மத்திய பெட்ரோலிய அமைச்சகம். ஆனால் எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

கிளாசிக் 350-ன் கம்ப்ரஷன் 9.5-க்கு 1. சாதாரண பெட்ரோலிலேயே தட்டாமல் ஓடும் வண்டிக்கு 100 ஆக்டேன் ஊற்றினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான். தினசரி ஓட்டும் பெரும்பாலான பைக்குகளில் நாக் சென்சார் கிடையாது. பெட்ரோல் மாறியது இன்ஜினுக்குத் தெரியாது, இக்னிஷன் டைமிங்கும் மாறாது. கம்பெனி மேனுவலில் 95-க்கு மேல் கேட்கும் ஹை கம்ப்ரஷன் வண்டிகளும், ஹெட்டைச் சீவி, பிஸ்டன் மாற்றி டிராக்கில் ஓட்டும் வண்டிகளும் வேறு கணக்கு. அவற்றுக்கு அது நிஜமாகவே தேவை.

காசு வீணாவதோடு போனால் பரவாயில்லை. டப்பாவில் வரும் ரேஸ் எரிபொருள் சிலவற்றிலும், சிறிய விமானங்களுக்கான பெட்ரோலிலும் மிட்க்லியின் ஈயம் இன்னும் இருக்கிறது. இந்தியச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு முடிந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஎஸ்-6 வண்டியில் அந்த எரிபொருளை ஊற்றினால் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல் ஈயம் படிந்து அது வேலை செய்யாமல் போகும். ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து கெடும். மாற்றுவதற்கு ஆகும் செலவில் பல மாதத்துக்கான சாதாரண பெட்ரோலே போட்டுவிடலாம்.