பிரித்துப் பார்த்தவர்

ஆட்டோமொபைல் பிரிவில் இருந்துகொண்டு ஜி.டி. நாயுடு பெயரைக் கேட்காதவர் இருக்க முடியாது. கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியில் நின்றவர்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, எப்படி ஓடுது? அதே நினைப்பாகிவிட்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார், திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் பாலிடெக்னிக்.

1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பஸ் என்ஜினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவியும் செய்தார். அவருடைய ரேசரைவிட, 2000 ரூபாய் காரைவிட (அதற்கு அரசு லைசென்ஸ் தரவில்லை), எனக்குப் பிடிச்சது இந்தக் கருவிதான். பிரித்துப் பார்த்துக் கற்றவர், பிரிக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். பௌர்ணமி அன்னைக்குக் கிரிவலக் கூட்டம் நம்ம பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஹெட்டைக் கழற்றினால் அன்றைய கலெக்‌ஷன் போச்சே!

ஷெட்டில் நாமும் இதைத்தானே செய்கிறோம்? நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது. பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரெஷன் குறைஞ்சா, பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கிறோம். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறலேன்னா வால்வு, இல்லாட்டி கேஸ்கட்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்நின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். ஆனால் வருஷக்கணக்கில் படிப்பது வீண், குறுகிய காலம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிக்கொண்டார்.

இதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிடுச்சுன்னு சொல்ற மெக்கானிக்குகள் நம்ம ஊர்ல இருக்காங்க. சர்டிபிகேட் கேட்கிற கம்பெனி வாசலில் அந்தக் காது செல்லாது. நாயுடு முதலாளி ஆகிவிட்டார். நாம வேலை கேட்டு நிற்கப் போறவங்க. மூணு வருஷம் எனக்கு நீளமாத் தெரியலை.

1974 ஜனவரி 4-ல் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கு. இந்த வருஷ டூருக்கு அங்கே போகலாமான்னு துறைத்தலைவர் சாரிடம் கேட்டிருக்கோம். பஸ் செலவுதான் இன்னும் முடிவாகலை.