வாசகனைத் தேடிச் சென்ற நூலகம்
கணித ஆசிரியர் ரங்கநாதனின் கதை

சித்திரை வெயில் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் எப்படிக் காயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடக்கும். தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. இந்த நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் உண்டு. அதுதான் கிளை நூலகம். அங்கே காசு கொடுக்காமல் கதைப் புத்தகம் படிக்கலாம். கோடை விடுமுறையில் பல நூலகங்களில் கதை சொல்லுகிறார்கள். படம் வரையச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்கள் பத்திரிகை படிக்கிறார்கள். வேலை தேடும் வாலிபர்கள் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள்.

இந்தக் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும், அதுவும் யாருடைய தயவாலும் அல்ல, உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். அவர்தாம் சீகாழி ராமாமிருத ரங்கநாதன்.

விருப்பமில்லாமல் ஏற்ற வேலை

அந்நாளைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீகாழியில் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீகாழிப் பள்ளியில் படிப்பை முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்குக் குருவாக வாய்த்தார். ரங்கநாதனுக்குத் திக்குவாய் உண்டு. ஆயினும் ஆசிரியர் தொழிலையே அவர் விரும்பினார். விடாமுயற்சியால் அந்தக் குறையையும் வென்றார். மங்களூரிலும் கோவையிலும் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் சென்னைச் சர்வகலாசாலை தன் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவரைத் தேடியது. கல்லூரி ஆசிரியருக்குக் கிடைத்த சம்பளமோ குறைவு. நண்பர்கள் தூண்டவே ரங்கநாதனும் மனுப் போட்டார். நூல் நிலையத் தொழில் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பேட்டிக்குப் போவதற்குமுன் ஒரு கலைக்களஞ்சியத்தில் நூல் நிலையம் பற்றிய கட்டுரையைப் படித்துக் கொண்டார். வேலை அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஆனால் சில நாட்களிலேயே மனம் கசந்துவிட்டது. மாணவர் கூட்டத்தின் நடுவே இருந்து பழகியவர் அவர். இங்கோ வாசகர்களின் வருகை மிகச் சொற்பம். பூட்டிய அலமாரிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பது சிறைவாசம்போல் இருந்தது. கல்லூரிக்கே திரும்பி விடுகிறேன் என்று மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று இந்தத் தொழிலைக் கற்று வரட்டும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று ஏற்பாடாயிற்று. அந்த ஆண்டிலேயே கப்பல் ஏறினார்.

லண்டனில் கண்ட காட்சி

லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் அவர் மாணவரானார். கிராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டினார். ரங்கநாதன் பாடத்தோடு நிற்கவில்லை. நூறுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். தொழிலாளியும் வருகிறார், வீட்டுப் பெண்களும் வருகிறார்கள், குழந்தைகளும் வருகிறார்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தனி நேரமே ஒதுக்கியிருக்கிறார்கள். நூலகம் என்பது படித்த நாலு பேருக்கான காட்சிசாலை அல்ல, ஊருக்கே பொதுவான கிணறு என்பது அவருக்குப் புரிந்தது.

அங்கேதான் இன்னொன்றும் நடந்தது. ஒரு பெரிய கடையில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கண்டார். சிறு சிறு இரும்புத் துண்டுகளைத் திருகாணியால் இணைத்து, வேண்டிய உருவத்தை எல்லாம் செய்யலாம். அறிவையும் இப்படியே சிறு கூறுகளாகப் பிரித்துப் பிறகு இணைத்தால் என்ன என்று அந்தக் கணித மூளை யோசித்தது. பிற்காலத்தில் உலகமே பேசிய கோலன் பகுப்பு முறை அங்கே கருக்கொண்டது. அது 1933-ல் புத்தகமாக வெளிவந்தது.

நம் ஊர் உதாரணம் ஒன்றைக் கொண்டு அதைப் புரிந்துகொள்ளலாம். சேலம் கைத்தறித் துணிக்கு நூலில் சாயம் ஏற்றுவது பற்றி ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துணி ஒரு கூறு. நூல் ஒரு கூறு. சாயம் ஏற்றும் செயல் ஒரு கூறு. சேலம் என்ற இடமும், நடந்த காலமும் வேறு இரு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்து, நடுவே முக்காற்புள்ளிபோன்ற குறிகளை இட்டு இணைத்துவிட்டால், அந்தப் புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம் உறுதியாகிவிடும். புதிதாக எந்தத் தொழில் முளைத்தாலும், எந்த ஊரைப் பற்றி நூல் வந்தாலும் அதற்கும் இடம் உண்டு.

1925-ல் தாயகம் திரும்பினார். கல்லூரிக்குப் போகும் எண்ணம் அடியோடு மறைந்திருந்தது.

பூட்டுக்கு விடை

சென்னை நூல் நிலையத்தில் அவர் செய்த முக்கியமான காரியம் அலமாரிகளைத் திறந்துவிட்டதாகும். வாசகர் தாமே உள்ளே சென்று, புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம் என்றாயிற்று. நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வாசகருக்கு உதவி செய்வதற்கென்றே ஆட்களை வைத்தார். தாமும் ஓய்வு ஒழிச்சல் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து உழைத்தார்.

இந்த அனுபவத்தில் பிறந்தவைதாம் அவருடைய ஐந்து விதிகள். 1928-ல் சிதம்பரத்தில் நடந்த கல்வி மகாநாட்டின்போது அவற்றை விளக்கிப் பேசினார். 1931-ல் அவை நூலாக வந்தன. விதிகள் ஐந்தும் பார்வைக்குச் சாதாரணமானவை. புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, படிக்க. எந்த வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைத்தாக வேண்டும். எந்தப் புத்தகமும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் குழந்தையைப்போல வளர்ந்துகொண்டே இருக்கும்.

சாதாரணமாகத் தோன்றும் இவை கடைப்பிடிக்கப் புகுந்தால் கடினமானவை. புத்தகம் படிக்கத்தான் என்று ஒப்புக்கொண்டால், நூலகத்தை ஊருக்கு வெளியே அமைதியான இடத்தில் கட்ட முடியாது. ஜனங்கள் நடமாடும் கடைவீதிப் பக்கம் கட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் புத்தகம் என்று ஒப்புக்கொண்டால், நாமக்கல் கோழிப் பண்ணைக்காரருக்குக் கோழி நோய் பற்றியும், லாரிப் பட்டறைத் தொழிலாளிக்கு இயந்திரம் பற்றியும், ராசிபுரத்து மாணவிக்குப் பரீட்சை பற்றியும் நூல் வாங்கி வைத்தாக வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டவும் ஆள் வேண்டும்.

கோடைப் பள்ளியும் மாட்டு வண்டியும்

இத்தனையும் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கே? 1928 தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. ரங்கநாதன் அதன் காரியதரிசியானார். அடுத்த ஆண்டே சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மற்றவர்கள் வெயிலுக்கு அஞ்சி மலைவாசம் தேடிப் போன மாதங்களில் அவர் வகுப்பு நடத்தினார். 1931-ல் சர்வகலாசாலையே அந்தப் பயிற்சியை ஏற்று நடத்தலாயிற்று. நூலகர் என்பவர் புத்தகத்துக்குக் காவற்காரர் அல்லர், அவரும் ஓர் ஆசிரியரே என்ற எண்ணம் இந்த மாகாணத்தில் வேரூன்றியது அந்தக் கோடைப் பள்ளியினால்தான்.

பட்டணத்துக்கு இது சரி. கிராமத்துக்கு? அதே 1931-ம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு புதுமை நடந்தது. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வு பெற்ற எஞ்சினீயர் மாட்டு வண்டியில் புத்தகப் பெட்டிகளை அமைத்து, சுற்றுக் கிராமங்களுக்கு ஓட்டிவிட்டார். ரங்கநாதன் முன்னின்று இதற்கு ஊக்கமளித்தார். வாசகன் நூலகத்தைத் தேடி வருவதுபோய், நூலகம் வாசகனைத் தேடிச் சென்றது.

ஆனால் ரங்கநாதனுக்கு ஒரு கவலை ஓயவில்லை. மன்னார்குடிக்கு ஒரு கனகசபைப் பிள்ளை கிடைத்தார். கொடையாளி இல்லாத ஊர் என்ன செய்யும்? தர்மவான் கண்ணை மூடிவிட்டால் நூலகமும் கண்ணை மூடிவிடுமே! தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் வரி வாங்குவதுபோல நூலகத்துக்கும் வரி வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பதினெட்டு ஆண்டுப் போராட்டம்

1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மகாநாட்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை அவர் முன்வைத்தார். சில ஆண்டுகளில் பஷீர் அகமது சையது அதைச் சென்னைச் சட்டசபையில் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது நிறைவேறாமற் போயிற்று. ரங்கநாதன் சோர்ந்துவிடவில்லை. அரசுகள் மாறின, உலக யுத்தம் வந்தது, போயிற்று. இதற்கிடையே, இருபது ஆண்டுக்கு மேல் உழைத்த சென்னை நூல் நிலையத்தை விட்டு, 1945-ல் காசி இந்து சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே குவிந்து கிடந்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைப் பெரும்பாலும் தனி ஆளாகவே வகைப்படுத்தினார்.

1946-ல் அவினாசிலிங்கம் செட்டியார் சென்னையில் கல்வி மந்திரியானார். ரங்கநாதனின் யோசனை அவர் காதில் விழுந்தது, மனத்திலும் பதிந்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். விதை போட்டவர் அப்போது சென்னையில் இல்லை. டில்லி சர்வகலாசாலையில் பணியாற்றிக் கொண்டிருந்தார்.

சட்டத்தின் வழி எளியது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று சில காசு வாங்குவது. அதை ஜில்லாதோறும் அமைந்த நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பது. அதைக் கொண்டு ஊர்தோறும் கிளைகள் திறப்பது. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதில் அடங்கியிருந்தன. 1965-ல் தர்மபுரியும் 1997-ல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. ஜில்லா பிரிந்தது, சட்டம் போட்ட பாதை மாறவில்லை. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடும் நினைவில்லமாகி, அதில் நூலகம் நடக்கிறது.

கடைசிவரை ஆசிரியர்

பதவிகளும் பட்டங்களும் ரங்கநாதனைத் தேடி வந்தன. 1957-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1965-ல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. அவரோ எளிய உடையும் எளிய உணவுமாக வாழ்ந்தார். மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு லட்ச ரூபாயை 1956-ல் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்து, நூலகக் கல்விக்குத் தம் மனைவி சாரதையின் பெயரால் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். எழுபது வயதில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1972 செப்டம்பர் 27-ந் தேதி அங்கேயே காலமானார். அவர் நினைவாக ஆகஸ்டு 12-ந் தேதியைத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கோலன் பகுப்பு முறையை உலக அறிஞர்கள் போற்றுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாமர மக்களுக்கு அவர் தந்த செல்வமோ வேறு. இன்று வீட்டு வரி கட்டுகிறவர்கள் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று கட்டுகிறார்கள். ரசீதில் அந்த வரியைக் கவனிப்பவர்கள் சிலரே. சொந்த வீடு உள்ளவர் கட்டுகிற காசில் குடிசை வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது. ஆகவே கிளை நூலகத்தின் படி ஏறுகிற எவரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அது தர்மம் அல்ல. ஊரார் கூடிக் கட்டிய பணம். கட்டியும் போகாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். இந்தக் கோடையில் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு நாள் அங்கே அழைத்துப் போகிறவர்கள், சீகாழியில் பிறந்த அந்தக் கணித ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தவர்கள் ஆவார்கள்.