ஐகோர்ட்டு எந்த ஊரில்? ஆந்திர கேசரி பிரகாசம் கண்ட சிக்கல்

ஐகோர்ட்டை எந்த ஊரில் வைப்பது என்பது வக்கீல்களின் விவகாரம் மட்டும் அல்ல. வழக்குக்காக ஊர் விட்டு ஊர் போகும் ஏழையின் பணமும் நாளும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆந்திராவில் இந்தக் கேள்வி எழுந்தபோது முதல்-மந்திரியாக இருந்தவர் டங்குட்டூரி பிரகாசம்.

தாயின் உழைப்பு

ஒங்கோல் அருகே வினோதராயுனிபாலம் கிராமத்தில் 1872 ஆகஸ்டு 23-ந்தேதி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஒங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்தி மகனைப் படிக்கவைத்தார். ராஜமுந்திரியில் வக்கீல் தொழில் பார்த்த அவர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். சென்னை ஐகோர்ட்டில் புகழும் பொருளும் குவிந்தன.

காந்தி அடிகளின் அழைப்பை ஏற்று 1921-ல் தொழிலை உதறினார். சேர்த்த பணத்தைச் சுவராஜ்யா பத்திரிகையில் போட்டார். 1928-ல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது, சென்னையில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டினார். ஆந்திர கேசரி என்ற பட்டம் நிலைத்தது. 1946-ல் சென்னை மாகாண முதல்-மந்திரியும் ஆனார்.

1937 உடன்பாடு

அன்று தெலுங்கு மாவட்டங்களுக்கும் சென்னைதான் ஐகோர்ட்டு. ஸ்ரீகாகுளத்துக்காரர் ஆனாலும் அனந்தப்பூர்க்காரர் ஆனாலும், அப்பீல் என்றால் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும்.

தனி மாநிலம் அமைந்தால் கடற்கரை மாவட்டங்களே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று ராயலசீமை மக்கள் அஞ்சினார்கள். 1937 நவம்பரில் சென்னை ஸ்ரீபாக் இல்லத்தில் உடன்பாடு ஏற்பட்டது. தலைநகரம் ஒரு பகுதிக்கு, ஐகோர்ட்டு மறு பகுதிக்கு. எது வேண்டும் என்று சொல்லும் உரிமை ராயலசீமைக்கு.

கர்னூலும் குண்டூரும்

1953 அக்டோபர் 1-ந்தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. 81 வயதில் பிரகாசம் முதல்-மந்திரி ஆனார். சென்னையே தலைநகரமாகவேண்டும் என்று வாதாடியவர் அவர். அது நடக்கவில்லை. ராயலசீமையின் விருப்பப்படி கர்னூல் தலைநகரம் ஆயிற்று. கட்டிடம் போதாமல் கூடாரங்களில் அலுவலகங்கள் நடந்தன. 1954 ஜூலை 5-ந்தேதி குண்டூரில் ஐகோர்ட்டு தொடங்கியது. அதுவரை ஆந்திர வழக்குகள் சென்னையிலேயே நடந்தன.

அதே ஆண்டு நவம்பரில், மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஓட்டில் அவரது மந்திரிசபை கவிழ்ந்தது. 1956-ல் தலைநகரமும் ஐகோர்ட்டும் சேர்ந்தே ஹைதராபாத்துக்குப் போயின. கர்னூல், குண்டூர் இரண்டுமே இழந்தன. மறு ஆண்டு மே 20-ந்தேதி பிரகாசம் காலமானார்.

ஓயாத கோரிக்கை

பிற்காலத்தில் ஒங்கோல் மாவட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2019 முதல் ஆந்திர ஐகோர்ட்டு அமராவதியில் நடக்கிறது. ஆனால் கர்னூல் வக்கீல்களும் மக்களும் பழைய உடன்பாட்டைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுப்பதும் மறியல் செய்வதும் நிற்கவில்லை. கர்னூலில் ஐகோர்ட்டு கிளை அமைக்க 2024-ல் ஆந்திர சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. பிரகாசம் காலத்துக் கேள்விக்கு, 70 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் இது.